காமாட்சிக்கு வைத்த தமிழ்ப் பரீட்சை

1

போன ஞாயிற்றுக்கிழமை என்னை மேடையில் உட்கார வைத்துக் கழுத்தில் ரோஜா மாலை போட்டார்கள். "திறமையான பிள்ளையை வளர்ப்பது எப்படி?" என்று நான் பேச வேண்டுமாம். மலாக்காவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து மேல்படிப்புக்கு உதவுகிற குழு ஒன்று இங்கே இருக்கிறது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு ஆரம்பித்தது. அதன் உதவியில் படித்த முதல் பிள்ளை என் மகள் வசந்தா. இப்போது சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அதற்காகத்தான் எனக்கு மாலை.

பேசினேன். விடிவதற்கு முன் எழுப்பிவிட்டேன், முட்டை அவித்துக் கொடுத்தேன், சினிமாப் பத்திரிகையைப் பரணில் ஒளித்து வைத்தேன் என்று எல்லாத் தாய்மாரும் சொல்வதையே சொன்னேன். கை தட்டினார்கள். என் கணவர் சபாபதி ரப்பர் வியாபாரக் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா, இந்தக் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான். முன்வரிசையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். சொல்லவில்லை.

மேடையில் சொல்லாததை மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன். இங்கே சொன்னால், "அது பழைய சங்கதி, விடுங்க" என்பார்கள். நாலு வருஷம்தான் ஆகிறது.

2

நாங்கள் இருக்கும் பகுதிக்குக் காஜா பெராங் என்று பெயர். கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய வாரம், பக்கத்து வீட்டு நிலையில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தேன். உள்ளே சாமி படம், விளக்கு, சாம்பிராணி வாசனை. அந்த வீட்டு அம்மாளின் பெயர் லெட்சுமி என்று என் கணவர் சொல்லியிருந்தார். அப்பாடா, பேச ஓர் ஆள் கிடைத்தது என்று வேலியோரம் போய், "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் விபூதி, இடுப்பில் பூப்போட்ட சாரோங். வாயைத் திறந்து அவள் பதில் சொன்னபோது ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. மலாய்.

இவர்களை இங்கே மலாக்கா செட்டிகள் என்பார்கள். போர்த்துகீசியர்கள் வருவதற்கும் முன்னால் நம் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்டவர்களின் வம்சம். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் எந்தத் தலைமுறையிலோ கைநழுவிப் போய்விட்டது. மலாய்ப் பேச்சுக்கு நடுவே எப்போதாவது ஒரு தமிழ்ச் சொல் தலைகாட்டும். லெட்சுமி என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். அதற்கு மேல் எல்லாம் சைகை.

அவளிடம்தான் மலாய் கற்றுக்கொண்டேன். இங்கே கணவனுக்கு 'சுவாமி' என்று பெயர். நாளைக்கு என்பதற்கு 'பெசோக்'. ஒரு தடவை இவர் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தார். மறுநாள் வருகிறார் என்று சொல்ல நினைத்து, 'பெசோக்' என்பதற்குப் பதிலாக 'பூசோக்' என்று சொல்லிவிட்டேன். என் கணவர் நாறிப்போய் வருகிறார் என்று அர்த்தம். லெட்சுமி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் விஷயம் புரிந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த நாள் இவர் ரயிலிலிருந்து இறங்கி வியர்த்து வழிய வந்து நின்றதும் இரண்டு பேரும் மறுபடி சிரித்தோம். இவருக்கு ஒன்றும் புரியாமல் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

வசந்தாவைப் பெறுவதற்கு மன்னார்குடிக்குப் போனேன். நான் அங்கே இருக்கும்போதே ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. இவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாலு வருஷம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது இவர் எலும்பும் தோலுமாகத் துறைமுகத்தில் நின்றார். அரிசி கண்ணில் படாத அந்தக் காலத்தில் இவருக்கு ஒரு வேளையாவது வயிற்றில் ஏதாவது போனதென்றால், அது லெட்சுமி வீட்டு மரவள்ளிக்கிழங்கு. அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. தன் பங்கில் பாதியை வேலிக்கு மேலாக நீட்டுவாளாம். இவரே எனக்குச் சொன்னது. சொல்லும்போது அழுதார்.

அந்தக் கைக்குழந்தைதான் காமாட்சி.

3

காமாட்சியும் வசந்தாவும் ஒரே வயது, டவுனில் ஒரே ஆங்கிலப் பெண்கள் பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. காமாட்சி முதல், வசந்தா இரண்டாவது. எந்த வருஷமும் இது மாறவில்லை.

வசந்தா படிக்கிற விதம் ஊருக்கே தெரியும். நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொல்லிச் சொல்லிப் படிப்பாள். காமாட்சி படித்ததை நான் பார்த்ததே இல்லை. ஒரு சாயங்காலம் வடிவக் கணிதத்தில் ஏதோ ஒரு கணக்கு வரவில்லை என்று வசந்தா பின்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். காமாட்சி வேலியில் சாய்ந்து மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். காகிதம் அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். எட்டிப் பார்த்து, உப்புக் கையால் ஒரு கோட்டை இழுத்தாள். கணக்கு திறந்துகொண்டது. வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று எழுதினாள். காமாட்சி மறுபடி மாங்காயைத் தின்ன ஆரம்பித்தாள்.

நல்ல பெண் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு வாய் அதிகம். "நீ படிக்கிறதில்லை, முழுங்குறே. பரீட்சையிலே கக்குறே" என்று ஒரு நாள் எல்லாப் பெண்கள் முன்னாலும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாளாம். வசந்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர்களுக்குக் கணக்கு வாத்தியாரம்மா மிஸ் பொன்னம்பலம். யாழ்ப்பாணத்துக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், குடையில்லாமல் வெளியே வர மாட்டார். பள்ளி விட்ட பிறகு நாலு பெண்களை மட்டும் நிறுத்திவைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்குகளைப் போட வைப்பார். அந்த நாலு பேரில் வசந்தாவும் ஒருத்தி என்று எனக்குப் பெருமை. ஒரு நாள் நன்றி சொல்லப் போனேன்.

"உங்கட மகள் நல்ல பிள்ளை. கஷ்டப்பட்டுப் படிக்கும்" என்றார். நான் சந்தோஷப்படுவதற்குள், "காமாட்சிக்குக் கஷ்டப்படத் தேவையில்லை. அந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

விளங்கியது. மன்னார்குடியில் எனக்கும் கணக்கு அப்படித்தான் வந்தது. பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து, "இன்னும் ரெண்டு வருஷம் விடுங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். வாத்தியார் படியிறங்கும்போது நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் என்னிடம் ஊர் ஞாபகம் வருகிறதா என்று கேட்டு எழுதுகிறீர்கள். எனக்கு அடிக்கடி வருகிற ஞாபகம் இதுதான்.

4

சுதந்திரம் வருகிறது என்றதும் குடியுரிமைப் பேச்சு வந்தது. நானும் வசந்தாவும் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆபீசர் முன்னால் போய் நின்று மலாயில் கேட்கிற கேள்விக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். சந்தையில் மீன் பேரம் பேசுகிற மலாய்தான் எனக்குத் தெரியும். ராஜாங்க மலாய்க்கு எங்கே போவேன்?

லெட்சுமி விடவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் தன் வீட்டுப் படியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். என் பெயர் சிவகாமி, நான் காஜா பெராங்கில் குடியிருக்கிறேன், எனக்கு இந்த நாடு பிடிக்கும். 'சாயா சுகா நெகிரி இனி' என்கிற கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆபீசுக்கும் என்னோடு வந்தாள். நடுவில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வயதான மலாய் ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெலான் பெலான், மக்சிக்" என்றார். மெதுவாகச் சொல்லுங்கள் அம்மா, அவசரமில்லை என்று அர்த்தம். நான் மெதுவாகச் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் லெட்சுமி எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ராமையா தலைவராக, இந்தக் குழு உருவாயிற்று. வருஷத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை. மலாக்காவில் அந்தப் பெண்களுக்கு மேல் வகுப்பு கிடையாது. கோலாலம்பூர் போய், விடுதியில் தங்கி, இரண்டு வருஷம் படித்துத்தான் பல்கலைக்கழகம் போக முடியும். அந்தச் செலவைக் குழு ஏற்கும். அரசாங்க உதவிக்கும் மிஸ் பொன்னம்பலம் எழுதிப் பார்த்தார். எங்கள் பள்ளிப் பெண்களுக்கு அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை. காமாட்சியின் அப்பா சர்வே ஆபீசில் வரைபடம் நகலெடுக்கிறவர், அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், கீழே இன்னும் மூன்று பிள்ளைகள். ஆகவே அவளுக்கு இந்தக் குழுதான்.

மிஸ் பொன்னம்பலம் இரண்டு பெயர் அனுப்பினார். முதல் பெயர் காமாட்சி. இரண்டாவது வசந்தா.

5

ஜவுளிக்கடை மாடியில் நேர்காணல் வைத்தார்கள். பெண் பிள்ளைகளைப் பார்க்கிறோம், ஒரு பெண்பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னையும் வரச் சொன்னார்கள். காபி கலக்கவும் ஆள் வேண்டுமே.

வசந்தா போய் உட்கார்ந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், வந்துவிட்டாள். பிறகு காமாட்சி. அவளுடைய மார்க்குகளைப் பார்த்துவிட்டு ராமையா புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார்.

"பேரு என்னம்மா?"

"காமாட்சி."

"நல்ல பேரு. இந்தா, இதுல தமிழ்ல எழுது பார்ப்போம்."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தை மலாயில் சொன்னேன். "எழுதத் தெரியாது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சரி, ஒரு தேவாரமாவது பாடும்மா. கோயிலுக்குப் போவீங்கள்ல?"

தேவாரம் என்ற சொல் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று கை கூப்பிப் பாடினாள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கோயிலில் காதால் கேட்டு வாயால் பாடி வருகிற பாட்டு. மெட்டு சரியாக இருந்தது. சொல்லெல்லாம் உருண்டு, தேய்ந்து, வேறு எதுவோ ஆகியிருந்தது. இரண்டாவது அடியில் ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார். மூன்றாவது அடியில் எல்லோரும் சிரித்தார்கள். "சிவபெருமானுக்கே மலாய் கத்துக் குடுக்குது" என்றார் ஒருவர். காமாட்சிக்குச் சொல் புரியவில்லை. சிரிப்பு எந்தப் பாஷையிலும் புரியுமே. பாட்டை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்டான உதவி" என்றார் ராமையா. "ஒண்ணு செய்வோம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு வா. தமிழ்ல எழுதிப் படிச்சுக் காட்டு. அப்பப் பார்க்கலாம்." அவள் படியிறங்கிப் போன பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "பொண்ணு முகத்துக்கு நேரா எப்படி இல்லைங்கிறது? இனி வராது" என்றார்.

அன்று சாயங்காலமே காமாட்சி எங்கள் வீட்டுக்கு வந்து வசந்தாவின் பழைய தமிழ்ப் பாடப் புத்தகங்களைக் கேட்டாள். நான் சொல்லித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் ஜாலான் பெண்டஹாராவில் உள்ள கடைப் பெயர்ப் பலகைகளை எல்லாம் படித்தாள். அதன் பிறகு என்னோடு தமிழில்தான் பேசுவேன் என்று நின்றாள். புத்தகத்திலிருந்து வந்த தமிழ் ஆனதால், "தாங்கள் இன்று என்ன சமைத்தீர்கள், மாமி?" என்று கேட்பாள். "தாங்கள் எல்லாம் வேணாம், நீங்கன்னு சொல்லு" என்பேன். மறுநாள் அது திருந்தியிருக்கும். சொன்ன தப்பை இரண்டாம் தடவை சொல்ல மாட்டாள். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வராத 'ழ'கரம் அவளுக்குச் சுத்தமாக வந்தது. லெட்சுமி படியில் உட்கார்ந்து, தன் பெண் தனக்குப் புரியாத பாஷையில் என்னோடு பேசுவதை வாய் பார்ப்பாள். "பாண்டாய், அக்கா, பாண்டாய்" என்பாள். கெட்டிக்காரி, கெட்டிக்காரி.

மிஸ் பொன்னம்பலம் ஒரு நாள் வழியில் என்னை நிறுத்திக் கோபமாகக் கேட்டார்: "பரீட்சை வருகுது. கணக்குப் போடுற மூளையைக் கொண்டுபோய் அரிச்சுவடிக்குள்ள அடைச்சு வைச்சிருக்கினம். இவையள் ஆர் அதைச் செய்யிறதுக்கு?"

இரண்டாம் தடவை லெட்சுமியும் கூட வந்தாள். நல்ல கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையில் தங்க ஊசி செருகி, கீழே ஜவுளிக்கடை பெஞ்சில் காத்திருந்தாள். மாடியில் காமாட்சி செய்தித்தாளின் தலையங்கத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். அதன் சாரத்தைத் தன் சொந்த வாக்கியத்தில் சொன்னாள். கரும்பலகையில் எழுதச் சொன்னதை ஒரு பிழையில்லாமல் எழுதினாள். தேவாரத்தையும் பாடினாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் சொல்லாகவே வந்தது. நான் காபித் தட்டோடு நின்றேன். கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ராமையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெட்டிக்காரப் பொண்ணுதான், நான் இல்லேங்கல. ஆனா இது படிச்சு வந்த தமிழு. தாய்மொழின்னா தாய்கிட்ட இருந்து வரணும். அம்மா வந்திருக்காங்களாமே, கூப்பிடுங்க."

லெட்சுமி மேலே வந்தாள். நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினாள்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவீங்கம்மா?" என்று ராமையா தமிழில் கேட்டார். லெட்சுமி மகளைப் பார்த்தாள். காமாட்சி அதை மலாயில் சொன்னாள்.

"சாக்காப் கித்தா செண்டிரிலா, துவான்" என்றாள் லெட்சுமி.

"என்ன சொல்றாங்க?"

"எங்கள் சொந்தப் பேச்சு என்று சொல்கிறார்கள், ஐயா" என்றாள் காமாட்சி.

"சொந்தப் பேச்சாம்!" சிரிப்பு. "சரி, தமிழ்ல ஏதாச்சும் நாலு வார்த்தை சொல்லச் சொல்லும்மா உங்கம்மாவ."

காமாட்சி மொழிபெயர்க்கவில்லை. ஆனால் 'தமிழ்' என்ற சொல்லும் 'நாலு' என்ற சொல்லும் லெட்சுமிக்குப் புரிந்துவிட்டன. மகளுக்கு உதவ வேண்டும் என்று அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளை மாதிரி விரலை மடக்கி, "சாமி" என்றாள். "பொங்கல்" என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு வந்தது. மெச்சிச் சிரிக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். "விபூதி" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கெபாயாவுக்குள் கை விட்டுத் தாலியை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, "தாலி" என்றாள். ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

என் கணவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எழுத அங்கே ஒன்றுமில்லை.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "ஐயா, இவதான் மொதல். எம் பொண்ணு ரெண்டாவதுதான். வாத்தியாரம்மாவே எழுதியிருக்காங்க. இவளுக்குத்தான் குடுக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

ராமையாவுக்குக் கோபம் வரவில்லை. "பெத்த பொண்ணுக்கு வர்றத வேணாங்கிற தாய இன்னைக்குத்தான் பார்க்கிறேன். சபாபதி, உங்க வீட்டம்மா ரொம்ப நல்ல மனுஷி" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

காமாட்சி தன் அம்மாவின் கையிலிருந்து தாலியை மெல்ல வாங்கி, கெபாயாவுக்குள் போட்டு, பொத்தானை மாட்டிவிட்டாள். "ஜோம், மக்" என்றாள். வா அம்மா, போகலாம். படியிறங்கும்போது லெட்சுமி, கிடைத்துவிட்டதா என்று மகளிடம் கேட்டுக்கொண்டே போனது எனக்குக் காதில் விழுந்தது.

6

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கத்தினேன். "ஜப்பான்காரன் காலத்துல யாரு வீட்டுக் கிழங்கத் தின்னீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நான் சொன்னா, தன் பொண்ணுக்கு வேணாங்கிற மாதிரி நடிக்கிறான்பாங்க. சொல்லாட்டித் தன் பொண்ணுக்கு வாங்கிக்கிட்டான்பாங்க. எப்படியும் பேச்சு வரும். வர்றது வரட்டும், பொண்ணாவது படிக்கட்டும்."

"அவ உங்க உசிரக் காப்பாத்துனவ."

"அதுக்கு எம் பொண்ணோட படிப்பையா குடுக்கச் சொல்றே?"

வசந்தாவிடம் போனேன். நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு, அவர்களுக்கு வேறு வழியிருக்காது என்றேன். அவள் பெட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எல்லா வருஷமும் ரெண்டாவதாவே இருந்தேம்மா. ஒரு தடவையாவது நீ எனக்காக அழுதியா? இன்னைக்கு அவளுக்காக அழுவுறே."

"அவளுக்கு இதவிட்டா வேற கெதி இல்லடி."

"எனக்கும்தான் இல்ல. அவளுக்கு மூளையாவது இருக்கு."

அந்த வருஷக் கடைசிப் பரீட்சையில் காமாட்சி பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். வசந்தா இந்தத் தடவை இரண்டாவதாகக்கூட வரவில்லை. தை மாதம் அவளைக் கோலாலம்பூருக்கு ரயிலேற்றினோம். குழுவினர் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

அதற்கு முந்தின நாள் காமாட்சி தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் புது அட்டை போட்டிருந்தாள். "இவை இனி எனக்கு வேண்டாம், மாமி" என்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

லெட்சுமி என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். வேலியோரம் கண்ணில் பட்டால் சிரிக்கிறாள். 'அக்கா' என்பதை மட்டும் விட்டுவிட்டாள். இப்போது நான் அவளுக்கு 'புவான்'. ஆபீசில் முன்பின் தெரியாத பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மிஸ் பொன்னம்பலம் அடுத்த வருஷம் குழுவுக்கு எந்தப் பெயரும் அனுப்பவில்லை. பிறகு இலங்கைக்கே போய்விட்டார். போகிற அன்று என்னைச் சந்தையில் பார்த்து, "அவள் என்னட்ட வந்த பிள்ளையளில ஒராள் இல்லை. அப்பிடி வந்தது அவள் ஒராள்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். காமாட்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தாள்.

7

வசந்தா சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறாள். தமிழில் எழுதினால் நேரமாகிறதாம். அவள் அப்பா படித்துச் சொல்வார். அவர் படிக்கிறபோது சில இடங்களில் நிறுத்தி, தாண்டிப் போவது எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்தால் மகள் கேட்கிறதை நான் தப்பாகப் புரிந்துகொள்கிறேன், நான் சொல்கிறதை அவள் பாதியில் வெட்டிவிடுகிறாள். "இதத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா, விடு" என்பாள். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கிடைத்த உதவியில் போனவள். ராமையாவுக்கு இது தெரியும். விழாவில் அவள் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை ஆங்கிலத்தில்தான் வாசித்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்த மறுநாள் அவளோடு பேச வேண்டும் போல இருந்தது. இவர் ஆபீஸ் போன பிறகு தபாலாபீசுக்குப் போனேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அங்கே கூண்டுக்குள் நின்று காதுக்குழாயை எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் எண்ணைக் கேட்டு இணைப்புக் கொடுப்பாள். நேரம் தீர்ந்ததும் அவளே குறுக்கிட்டுச் சொல்வாள்.

"நம்பர், பிளீஸ்" என்றது குரல். எண்ணைச் சொல்லும்போதே அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. விடுதியில் யாரோ எடுத்தார்கள், கூப்பிடப் போனார்கள், வசந்தா வந்தாள்.

"என்னம்மா, யாருக்கு என்ன? எனி பிராப்ளம்?"

"ஒண்ணுமில்லடி. சும்மாதான். விழாவுல என்னைப் பேசச் சொன்னாங்க, உன்னைப் பத்தி."

"ஐயோ, எதுக்கும்மா அதெல்லாம்? எனக்கு லெக்சர் இருக்கு. தீபாவளிக்கு வர முடியாது, அப்பாகிட்ட சொல்லிடு. நெக்ஸ்ட் இயர் பார்க்கலாம். ஓகே? வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். எனக்கு நேரம் மீதி இருந்தது. குழாயைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கம்பியில் ஒரு மெல்லிய இரைச்சல். அதற்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தது. நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டிருப்பாள். அதுதானே அவள் வேலை.

"காமாட்சி" என்றேன். "நான்தாம்மா, சிவகாமி மாமி. நல்லாருக்கியா?"

குழாயை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னேம்மா. உனக்குத்தான் குடுக்கணும்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன். உனக்கே தெரியும்ல? உங்கம்மாகிட்டயாவது அதைச் சொல்லும்மா. அவளுக்கு அங்க என்ன பேசினாங்கன்னே புரியலயே."

இரைச்சல் நின்றது. குரல் வந்தது. தலையங்கத்தைப் படித்துக் காட்டிய அதே குரல், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"என் அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது, மாமி. படியிறங்கும் வரைதான் புரியாத மாதிரி இருந்தார்கள். எனக்காக."

"காமாட்சி..."

"தாங்கள் பேச வேண்டிய நேரம் முடிந்துவிட்டது. குழாயைக் கீழே வையுங்கள்."

டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் கம்பியில் யாரும் இல்லை. வெளியே வரிசையில் நின்றிருந்த சீனர் கூண்டுக் கண்ணாடியை நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.